முதல் முறையாகக் காங்கோ பணிக்குப் போகும் தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சிப்பாய் கிளம்புவதற்கு முன் என்னவெல்லாம் நினைப்பான்? ராத்திரி தூக்கம் வராதது சகஜமா?

சகஜம்தான் தம்பி. இன்னும் ஆறு வாரத்தில் புளூம்பொன்டைன் பக்கத்து டி புருக் முகாம், அங்கிருந்து கிழக்குக் காங்கோ, வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் என்று கேட்டிருக்கிறீர்கள். டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் மாதிரி ஒரு இடத்தில் குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும் எண்ணங்களில் பாதிக்கு மேல் சாவைப் பற்றியவை அல்ல. வீட்டுக்கடன் எந்தத் தேதியில் பிடிப்பார்கள், கார் பேரில் அவள் கையெழுத்து செல்லுமா, அந்தக் கடைவாய்ப் பல் மறுபடி வலிக்குமா என்கிற ரகம்தான். எல்லாம் முடிக்காத வேலைகள். பகலில் உட்கார்ந்து முடித்தால் ராத்திரி அவை வராது. "பட்டாளத்தானுக்கு எதற்கு இத்தனை யோசனை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். அவர்கள் வீட்டுக் காகிதங்களையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் கல்யாணம். கோவிலில் தாலி கட்டி, ஊருக்கே சாப்பாடு போட்டு, உள்துறை அலுவலகத்தில் பதியாமலே விட்ட தம்பதிகள் நம்மில் நிறைய. 2008இல் டர்பன் உயர்நீதிமன்றம், இந்து முறைப்படி மணந்த மனைவிக்கும் உயில் இல்லாத சொத்தில் வாரிசு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது உண்மை. ஆனால் அந்த உரிமையை நிரூபிக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாட்சிகளோடு அலைய வேண்டியவள் உங்கள் மனைவி. பதிவுச் சான்றிதழ் கையில் இருந்தால் அந்த அலைச்சல் இல்லை. ஒரு எச்சரிக்கை: பதிவுக்கு முன்பே நோட்டரி முன்னால் சொத்து ஒப்பந்தம் போடாவிட்டால், சட்டப்படி இருவர் சொத்தும் கடனும் பொதுவாகிவிடும். உங்கள் பேரிலோ அவள் பேரிலோ கடையோ கடனோ இருந்தால் வக்கீலைக் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

அடுத்து உயில். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து வேண்டும். 14 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: வீட்டில் சுலபமாகக் கிடைக்கிறார்கள் என்று மனைவியையும் அண்ணனையும் சாட்சியாக்கிவிடுகிறார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலில் எழுதியது பொதுவாகக் கிடைக்காது. அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ எழுதியதும் அப்படியே. பிரிவில் உள்ள இரண்டு தோழர்கள் போதும். உயிலின் அசல்தான் செல்லும், கைபேசியில் எடுத்த படம் உதவாது. ஆகவே அசல் எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். உயில் இல்லாவிட்டால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பங்குப் பணம் உயர்நீதிமன்ற மாஸ்டர் என்கிற அதிகாரியின் கீழ், சிறார் பணத்தை வைத்திருக்கும் கார்டியன் நிதிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக் கட்டணத்துக்குக்கூட விண்ணப்பம் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பிள்ளை பேரில் டிரஸ்ட் ஒன்றை உயிலிலேயே எழுதிவிட்டால் இது தவிரும்.

அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்கு வாரிசு நியமனப் படிவம் தனி. வேலையில் சேர்ந்த நாளில் அம்மா பேரை எழுதி, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். அதனால் மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போன குடும்பங்கள் உண்டு. கிளம்புவதற்கு முன் ஒரு நகல் கேட்டு வாங்கி, யார் பேர் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

பவர் பத்திரம் எழுதிக் கொடுங்கள். ஆனால் அதன் எல்லையை மனைவியிடம் சொல்லிவையுங்கள். எழுதியவர் இறந்தாலோ, அடிபட்டுச் சுயநினைவு இழந்தாலோ, நம் நாட்டுச் சட்டத்தில் பவர் பத்திரம் அப்போதே செத்துவிடும். உயிலையும் அதையும் ஒன்றாக நினைக்கக்கூடாது. வங்கிக்கு அவர்களுடைய சொந்தப் படிவம் வேண்டும். மனைவியை அதிகாரம் பெற்ற கையொப்பதாரராகச் சேர்த்துவிடுங்கள். கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டுப் போவது பிரச்சினையைத்தான் கொண்டுவரும். காரின் கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டு, அதாவது லைசென்ஸ் டிஸ்க், முடிந்தால் 21 நாள்தான் தவணை. உங்கள் ஓட்டுநர் அட்டை ஐந்து வருஷக் கெடு, நீங்கள் அங்கே இருக்கும்போது முடிகிறதா என்றும் பாருங்கள்.

பணத்தில் ஒன்றே ஒன்று சொல்வேன். பணிப்படி வரும் என்று நம்பி கிளம்புவதற்கு முன் தவணையில் கார் எடுக்காதீர்கள். படி தாமதமாகும் மாதங்கள் வரும். வங்கிக் கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடிக்கும் டெபிட் ஆர்டர் தாமதமாகாது. பழைய சம்பளத்தில் குடும்பம் மூன்று மாதம் ஓடுமா என்று கணக்குப் போடுங்கள்.

உடம்புக்கு வருவோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதனால் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். 2016இலிருந்து ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும், ஆகவே பழைய மஞ்சள் அட்டை இருந்தால் தேடி எடுங்கள். பல் மருத்துவரை இப்போதே பாருங்கள். இங்கே அரைமணி வேலை, அங்கே ஹெலிகாப்டர் வேலை.

மலேரியா மாத்திரை எது என்று மருத்துவர்தான் முடிவு செய்வார். டாக்சிசைக்ளின் என்றால் 100 மில்லிகிராம், போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து தினமும். வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். அரைமணி நேரத்துக்குப் படுக்கக்கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், நெஞ்சு எரியும், அதற்குப் பயந்து மாத்திரையையே விட்டுவிடுவார்கள். பால், அமில மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளித்தான். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், சட்டைக் கையை இறக்கிவிடுங்கள்.

மெஃப்ளோகுவின் என்றால் வாரம் ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குவார்கள். உங்கள் கேள்விக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அந்த மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவு, காரணமில்லாத பதற்றம், தூக்கமின்மை எல்லாம் தரும். முன்பே தொடங்கச் சொல்வதில் ஒரு நன்மை, அது ஒத்துக்கொள்கிறதா என்று ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிடும். நீங்கள் ஏற்கெனவே அதைத் தொடங்கியிருந்து, தூக்கம் போனது அதற்குப் பிறகுதான் என்றால், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். முன்பு மனச்சோர்வோ வலிப்போ இருந்திருந்தால் அதை மறைக்கவே கூடாது.

காங்கோ என்றால் புழுக்கம் என்று கம்பளி எடுக்காமல் போகிறவர்கள் கிழக்குக் காங்கோவின் கோமா நகரில் நடுங்குவார்கள். ஊர் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரி 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கும். நியிராகோங்கோ எரிமலை 2002லும் 2021லும் கக்கிய கருங்கல் பூட்ஸ் அடியை அரம் மாதிரி தேய்க்கும். இரண்டு ஜோடி வேண்டும், இரண்டையும் இங்கேயே மாற்றி மாற்றிப் போட்டு நடந்து பழக்குங்கள். காற்று அசையாத இரவில் பள்ளமான இடத்தில் படுக்காதீர்கள். அந்தப் பக்கம் தரையிலிருந்து கசியும் கரியமிலவாயு பள்ளத்தில் தேங்கும். நிறமும் மணமும் இல்லை, ஆளைக் கொல்லும். உள்ளூரில் அதை மசூக்கு என்பார்கள், அவர்கள் காட்டும் இடத்தை நம்புங்கள். ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்கும் டூர்னிக்கெட் பட்டையை உறை பிரித்து, இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள். ஒற்றைக் கையால், இருட்டில், இடது கையாலும் கட்டிப் பழகுங்கள். பழகுவது வேறொன்றில்; உயிர் காக்க வைத்திருப்பதைத் திருகித் திருகி நைந்துபோகச் செய்யாதீர்கள்.

இவ்வளவும் முடித்த பிறகும் ஒரு பயம் மிஞ்சும். மிஞ்சத்தான் வேண்டும். 2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கியில் நம் வீரர்கள் 13 பேர், 2025 ஜனவரியில் கோமா, சாகே பக்கம் 14 பேர் இறந்தார்கள். இது உங்கள் அம்மாவுக்கும் தெரியும், "ஒன்றும் ஆகாது" என்று அவரிடம் சொன்னால் நம்பமாட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, குடி கூடுகிறது, குழந்தை அழுதால் கோபம் வருகிறது என்றால் பிரிவின் சமூகப் பணியாளரிடம் போங்கள். பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மறைக்கிறார்கள். மறைத்துப் போகிறவன் தன் பக்கத்தில் நிற்பவனுக்கும் சேர்த்து ஆபத்து.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "நம்ம சனத்துக்கு எதுக்குப் பட்டாளம்" என்று கல்யாண வீட்டிலும் காவடிப் பந்தலிலும் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. 1899இல் போயர் போரின்போது நேட்டாலில் காந்தி சேர்த்த ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1100 பேர், அதில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பகுதி மதராஸில் கப்பல் ஏறியவர்கள். இரண்டாம் உலகப் போரிலும் நம் ஆட்களை வண்டி ஓட்டவும் அடிபட்டவர்களைத் தூக்கவும் வைத்துக்கொண்டார்கள், துப்பாக்கி கொடுக்கவில்லை. 1994க்குப் பிறகு கிடைத்த சம நிலையை ஒரு பையன் எடுத்துக்கொள்ளும்போது, அவனைப் பைத்தியம் என்பது நியாயமா?

வீட்டில் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் காங்கோவில் நம் கடிகாரமே. ஆனால் "தினமும் ஏழு மணிக்கு" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிக்னல் போகும், பணி வரும், ஏழரைக்கு இங்கே அழுகை தொடங்கும். "மூன்று நாள் பேச்சு இல்லாவிட்டாலும் பயப்படாதே, ஏதாவது என்றால் படையே வீட்டுக்கு ஆள் அனுப்பும்" என்று சொல்லுங்கள். விமானத் தேதியையும் முகாம் படத்தையும் குடும்ப வாட்ஸ்அப்பில் யாரும் போடக்கூடாது, சித்தி உட்பட.

திரும்பி வந்த பிறகு டாக்சிசைக்ளினும் மெஃப்ளோகுவினும் இன்னும் நான்கு வாரம் தொடர வேண்டும். வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ஃப்ளூ என்று படுக்காமல் அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள், காங்கோவிலிருந்து வந்ததை டாக்டரிடம் முதல் பேச்சாகச் சொல்லுங்கள். இதை மனைவிக்கும் இப்போதே சொல்லிவையுங்கள், காய்ச்சலில் உளறும்போது உங்களால் சொல்ல முடியாது.