பெரிய நாயோடு ரூம் கேட்டால்...

கேள்வி: வருஷம் ஒரு தடவை கும்பகோணம் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வருவோம். போன வருஷம் எங்கள் லாப்ரடாரையும் கூட்டி வந்தோம், 36 கிலோ. ஆப்பில் 'பெட்ஸ் அலவுடு' என்று போட்டிருந்த ஹோட்டலில் பணம் கட்டிவிட்டு வந்து நின்றால், "சின்ன நாய்னு நெனச்சோம் சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்கக் காரில்தான் இருந்தோம். இந்த வருஷமும் விட்டுவிட்டு வர ஆள் இல்லை. என்ன செய்வது? (தாம்பரம் வாசகர்)

பதில்: நான் சித்தப்பாவின் லாட்ஜில் ஆறு வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்தவன், வீட்டில் ராஜபாளையம் வளர்க்கிறவன். இரண்டு பக்கத்து வயிற்றெரிச்சலும் தெரியும். ரிசப்ஷனில் இருக்கிறவர் உங்கள் நாயைப் பார்த்துப் பயப்படவில்லை, நாளைக்கு அதே ரூமுக்கு வரப்போகிற பார்ட்டியை நினைத்துத்தான் பயப்படுகிறார். நவக்கிரகக் கோயில் சுற்ற வந்த குடும்பம், கூடவே மடி ஆசாரம் பார்க்கிற பாட்டி, கதவைத் திறந்தால் மெத்தையில் முடி, பாத்ரூமில் ஈர நாய் வாடை. அந்தச் சண்டையை விட உங்களை வாசலிலேயே அனுப்புவது அவருக்குச் சுலபம். பைரவருக்கு வாகனமே நாய்தான், ஆனால் பைரவருக்கு விளக்குப் போட்டுவிட்டு வருகிறவர்களே பக்கத்து ரூமில் நாய் என்றால் முகம் சுளிப்பார்கள், அதை நான் கவுன்ட்டரில் நின்று பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் வேலை, ஆப்பை நம்பாதீர்கள். அந்த டிக்கைப் போட்ட மேனேஜர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். போன் போடுங்கள், மத்தியானம் மூணு மணி வாக்கில், கவுன்ட்டர் காலியாக இருக்கும்போது. ராத்திரி ஷிஃப்ட் பையனிடம் கேட்டால் அவன் சரி என்பான், காலையில் முதலாளி இல்லை என்பார். மேனேஜரையோ முதலாளியையோ கேட்டு, "ஒரு நாய் இருக்குங்க" என்று இழுக்காமல், "லாப்ரடார், 36 கிலோ, ஆறு வயசு, குலைக்காது" என்று எடுத்த எடுப்பில் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கிற போட்டோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், சைஸ் புரியும். மறுக்கிறவர் அப்போதே மறுத்துவிடுவார், நல்லதுதான். சரி என்பவரிடம் நாய்க்கு எக்ஸ்ட்ரா எவ்வளவு, ஒரு நாளைக்கா மொத்தமாகவா, அட்வான்ஸ் பணம் திரும்ப வருமா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹோட்டல்காரர் நாயைச் சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, அதனால் அந்த ஒரு வரிதான் உங்கள் பிடிமானம்.

அப்புறம் கீழ்த்தளம் கேளுங்கள். டவுன் லாட்ஜ்களில் மாடிப்படி குறுகல், லிஃப்ட் இருந்தால் அதில் நாலு பேர் நின்றாலே மூச்சு முட்டும், அதற்குள் இந்த உருவம் ஏறினால் உள்ளே இருக்கிற மாமா அலறுவார். வழவழ டைல்ஸ் படியில் வயசான நாய் வழுக்கினால் இடுப்பு போய்விடும், பெரிய ஜாதிகளுக்கு இடுப்பு மூட்டு ஏற்கெனவே பலவீனம். என்னைக் கேட்டால் டவுனுக்குள் தேடவே வேண்டாம். ஆற்றோரமாகத் தனித்தனி காட்டேஜாக இருக்கிற ரிசார்ட், இல்லையென்றால் தோப்புக்குள் வீட்டை முழுசாக வாடகைக்கு விடுகிறவர்கள், இவர்களிடம் முதலில் கேளுங்கள். கதவைத் திறந்தால் மண் தரை, அது போதும் நாய்க்கு.

நாளும் பார்த்து வாருங்கள். முகூர்த்த நாளிலும் நீண்ட லீவிலும் மனுஷனுக்கே ரூம் கிடைக்காது. வேளாங்கண்ணிப் பக்கம் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நினைத்தே பார்க்காதீர்கள். 2028 மகாமகத்துக்கு நாயோடு வருகிறேன் என்று எவராவது எழுதினால் அந்தக் கடிதத்தை இப்போதே கிழித்துவிடுவேன்.

கிளம்பும் முதல் நாள் குளிப்பாட்டுங்கள். அது படுக்கிற பாய், மெத்தை மேல் விரிக்க இரண்டு பழைய பெட்ஷீட், துடைக்க உங்கள் வீட்டுத் துண்டு. ஹோட்டல் துண்டைத் தொடவே கூடாது. வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி இருக்கிற கார்டை அவர் கேட்பதற்கு முன்னால் ஆதாரோடு சேர்த்து நீட்டுங்கள், பாதி பயம் அங்கேயே போய்விடும். ரூம் பாய்க்குக் கொடுக்கிற நூறு ரூபாயைக் கிளம்பும்போது கொடுக்காமல் வந்த உடனே கொடுங்கள்.

கேள்வி: கோயிலுக்குப் போய்வருகிற ஒரு மணி நேரம் நாயை ரூமில் பூட்டிவிட்டுப் போகலாமா? (மன்னார்குடி வாசகி)

பதில்: கூடாது, அக்கா. தஞ்சாவூரில் ஒரு ஹோட்டலில் நானே அப்படிப் பூட்டிவிட்டுப் பெரிய கோயிலுக்குப் போனேன். நந்திக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது போன் வந்தது. எங்கள் ராஜா கதவின் உள்பக்கத்தைப் பிறாண்டி லேமினேட்டை உரித்திருந்தான், மூணாவது மாடி வரைக்கும் ஊளை கேட்டதாம். கதவுக்குப் பணம் கட்டினேன், தப்பு என்னுடையது. வீட்டில் சாதுவாக இருக்கிற நாய்க்கும் புது இடத்தில் தனியாக விட்டால் ஆட்கள் திரும்பி வருவார்களா என்று தெரியாது இல்லையா? இதற்கு நடுவில் ரூம் துடைக்க வருகிறவர் மாற்றுச் சாவியால் திறந்துவிட்டால் இன்னும் மோசம், கடித்தாலும் சிக்கல், ஓடினாலும் சிக்கல்.

காரில் விடுவது அதைவிடப் பெரிய தப்பு. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தின காருக்குள் பத்து நிமிஷத்திலேயே சூடு 10 டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும், நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கியாக வேண்டும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் பொய்.

முறை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பாதிப் பேர் தரிசனம், பாதிப் பேர் நாயோடு வெளியே மர நிழலில். மத்தியானம் நடை சாத்துகிற நேரம் எல்லாரும் ரூமில். சாயங்காலம் மாற்றிக்கொள்ளுங்கள். பிரகாரக் கல்லில் நாமே ஓடுகிறோம், வெளியே இருக்கிற தார் ரோடும் அதே கதைதான், புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுகிற வரை பொறுக்க முடியவில்லை என்றால் நாயை நடத்தாதீர்கள். நாயோடு சேர்ந்தே போகிற மாதிரி இடம் வேண்டுமானால் தரங்கம்பாடி. விடிகாலையில், 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டின கோட்டைக்கு வெளியே கடற்கரையில் கயிற்றோடு நடத்துங்கள். ஊர் நாய்கள் வரும், கையில் ஒரு குச்சி இருக்கட்டும்.

கேள்வி: ரயிலில் கூட்டிவர முடியுமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: முதல் வகுப்பில் இரண்டு பர்த் கூபேயையோ நாலு பர்த் கேபினையோ முழுசாக நீங்களே எடுத்தால் முடியும், பார்சல் ஆபீஸில் நாய்க்குத் தனியாகப் பதிவு செய்யவேண்டும். மற்றபடி ரயில் கார்டு வருகிற பெட்டியில் இருக்கிற கூண்டுதான். செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பர் எதிலும் விடமாட்டார்கள். உங்கள் ஊரிலிருந்து என்றால் கார்தான், விக்கிரவாண்டி-கும்பகோணம் ரோட்டைப் பிடித்து விடிவதற்குள் கிளம்புங்கள்.

கேள்வி: திருவாரூர் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் கிரேட் டேனோடு தங்கப்போகிறோம். வயல்வெளியில் அவிழ்த்துவிடலாமா? (கோவை வாசகி)

பதில்: ஆசையாகத்தான் இருக்கும், செய்யாதீர்கள். எலிக்கு வைக்கிற மூங்கில் கிட்டி வரப்போரம் இருக்கும், மோப்பம் பிடித்து மூக்கை நீட்டினால் நேராக அடி. எலி மருந்து வைத்த வயலும் உண்டு, பார்த்தால் தெரியாது. பாம்பு சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் தேங்கின தண்ணீரில் எலி மூத்திரம் வழியாக எலிக்காய்ச்சல் வரும், அது நாய் வழியாக மனுஷனுக்கும் பரவும், அதனால் கிளம்புவதற்கு முன் அதற்கான தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். திரும்பி வந்ததும் காது மடலுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள்.

சாப்பாட்டில் ஒன்று. வீட்டுக்காரம்மா பிரியமாகச் சர்க்கரைப் பொங்கல் வைப்பார், அதில் உலர்ந்த திராட்சை இருக்கும், நாயின் சிறுநீரகத்துக்கு அது விஷம். தயிர் சாதம் போதும் என்று சொல்லிவிடுங்கள். கிரேட் டேன் மாதிரி நெஞ்சு ஆழமான நாய்க்கு வயிறு முட்டக் கொடுத்து உடனே ஓடவிட்டால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிரே போகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வேளை. அவசரம் என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஹோம்ஸ்டேயிலிருந்து எவ்வளவு தூரம் என்று முதல் நாளே பார்த்துவையுங்கள்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் சின்ன லாட்ஜ் வைத்திருக்கிறோம். நாயோடு வருகிறவர்களுக்கு இரண்டு ரூம் ஒதுக்கலாம் என்று பையன் சொல்கிறான். சரிவருமா? (நாகை வாசகர்)

பதில்: பையன் சொல்வதைக் கேளுங்கள், அண்ணே. கீழ்த்தளத்தில், பின்பக்கமாக வாசல் இருக்கிற இரண்டு ரூம். கார்ப்பெட், துணி சோபா எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் நாற்காலியே போதும். வெளியே கால் கழுவ ஒரு குழாய். அட்வான்ஸ் வாங்குங்கள், ரூம் சுத்தமாக இருந்தால் கையோடு திருப்பிக் கொடுங்கள். நாய் தங்கிப் போன ரூமை நாய் இல்லாதவர்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், கூட்டமான நாளில் கை அரிக்கும், அப்போதும் கொடுக்காதீர்கள். உங்கள் லாட்ஜ் பின்பக்கம் எச்சில் இலை போடுகிற இடம் இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், இல்லையென்றால் தெருநாய் நாலும் உள்ளே இருக்கிற ஒன்றும் சேர்ந்து விடிய விடியக் கச்சேரி வைக்கும்.