லோரி நம்பரை அழித்து யாரைக் காப்பாற்றினீர்கள்?

கேள்வி: அக்கா, நாங்கள் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இருக்கிறோம். முன்பு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தோம், இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு. போன செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரம், என் மகன் (வயது 20) அவன் அப்பாவின் காடியில் (காரில்) வந்துகொண்டிருந்தபோது, தோட்டத்துச் சிம்பாங்கில் (சந்திப்பில்) ஒரு செம்பனை லோரி மோட்டாரில் வந்தவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. மகன் இறங்கி அவரை ரோட்டிலிருந்து இழுத்து, காடியில் ஏற்றி, தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பக்கத்துத் தோட்டத்து ஆள், மில்லில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். தொடை எலும்பு முறிந்து, முதுகிலும் அடி. இன்னும் வார்டில் இருக்கிறார். தூக்கியதால்தான் முதுகு போனது என்று அந்தக் குடும்பம் கேஸ் போட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான் என்று என் அண்ணன் சொல்கிறார். இந்தியாவில் உதவி செய்தவரைத் தொடக்கூடாது என்று சட்டம் இருப்பதாக மச்சான் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பியிருந்தார். மலேசியாவில் நமக்கும் அது உண்டா? நேற்று பாலாயிலிருந்து (போலீஸ் நிலையத்திலிருந்து) போன் வந்தது, மகன் வாக்குமூலம் கொடுக்க வர வேண்டுமாம். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் லோரி நம்பரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தான், வீண் வம்பு என்று அன்று ராத்திரியே அழிக்கச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் போகாமல் இருக்க வழி உண்டா அக்கா? ஒரே பிள்ளை.

— ஒரு தாய், ஊத்தான் மெலிந்தாங்

பதில்: தங்கச்சி, பயப்படாதீர்கள் என்று ஆரம்பிப்பேன் என நினைத்திருப்பீர்கள். பயப்பட வேண்டிய காரியம் ஒன்றைச் செய்ததே நீங்கள்தான், அதையும் கடிதத்தின் கடைசியில், அடுப்பை அணைத்துவிட்டேன் என்பதைப் போல ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். லோரி நம்பர் படம். அதை அழிக்கச் சொன்னீர்கள். மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பார்ப்போம்.

முதலில் மகனுடைய கைப்பேசியை எடுங்கள், அவனிடம் கேட்டு. அழித்த படம் அன்றைக்கே மாயமாகிவிடாது. ஐபோன் என்றால் அண்மையில் அழித்தவை என்ற பகுதியில் 30 நாள் வரை கிடக்கும். கூகுள் போட்டோஸ் வைத்திருந்தால் அதன் குப்பைத் தொட்டியில் 30 நாள், கூகுள் கணக்கில் காப்புப் பிரதியாக (பேக்கப்) சேமித்து வைத்த படமென்றால் 60 நாள். அந்தத் தொட்டியையும் காலி செய்திருந்தால் ஒழிய செவ்வாய்க்கிழமைப் படம் இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும். இந்த ஒரு பத்தியை மட்டும், இதழ் வரும்வரை காத்திருக்காமல், உங்களுக்குத் தனியாகப் புலனத்தில் அனுப்பிவிட்டேன். மீட்டெடுத்த பிறகு அதை வெட்டாதீர்கள், சிவப்பு வட்டம் போடாதீர்கள், பேஸ்புக்கில் ஏற்றி ஊரைக் கூட்டாதீர்கள். எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும், புலனத்தில் அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். அதனால் கைப்பேசியோடு பாலாய்க்குப் போகட்டும்.

இப்போது உங்கள் அண்ணன் இடத்தில் இல்லாமல் அந்த ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். இருட்டுகிற நேரம், சிம்பாங்கில் ஆள் நடமாட்டம் இல்லை, விழுந்து கிடந்தவருக்கு அரை நினைவு, ஒரு 20 வயதுப் பையன், அவன் ஓட்டி வந்த காடி, பின் சீட்டில் ரத்தம். லோரி என்று அவன் சொல்கிறான். எந்த லோரி? தெரியாது. செம்பனை ஏற்றிய லோரி அந்த ரோட்டில் ஒன்றா இரண்டா? இடித்தவனே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுக் கதை சொல்கிறானோ என்று ஒரு நிமிடம் அவருக்குத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்தச் சந்தேகத்துக்கு உங்கள் மகனிடம் இருந்த நேரடியான பதில் அந்தப் படம்தான். வீண் வம்பு என்று நீங்கள் தூக்கி எறிந்தது உங்கள் பிள்ளையின் கவசத்தை. காடியின் முன் பம்பரையும் இரண்டு பக்கங்களையும் இன்றே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், பழைய கீறல் இருந்தால் அதையும் சேர்த்து. வொர்க்‌ஷாப் பக்கம் இப்போதைக்குக் காடி போகவே கூடாது.

சாட்சியத்தை மறைப்பவர்களுக்கென்று நம் தண்டனைச் சட்டத்தில் 201-வது பிரிவு இருக்கிறது. குற்றவாளியைத் தப்பவைக்கும் எண்ணத்தோடு செய்திருந்தால்தான் அது பொருந்தும். உங்களுக்கு அந்த லோரிக்காரர் யாரென்றே தெரியாது, அந்த எண்ணம் உங்களுக்கு இருந்ததாக நானும் சொல்லவில்லை. ஆனால் நடந்தது என்ன? விபத்து நடந்தால் ஓட்டுநர் நிற்க வேண்டும், முடிந்த உதவியைச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். இத்தனையையும் மீறி ஓடியவருக்கு ஒத்தாசை செய்துவிட்டு, நின்று தூக்கியவனை வீட்டுக்குள் குற்றவாளி மாதிரி உட்கார வைத்திருக்கிறீர்கள்.

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். மச்சான் அனுப்பியது பொய்யில்லை, ஆனால் நம் நாட்டுச் சங்கதி இல்லை. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2016-இல் இதற்கான நெறிமுறைகளுக்கு உறுதி கொடுத்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ நிற்காது என்பது அதன் சாரம். மலேசியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதற்காக உதவியவன் அம்போ என்று விடப்பட்டவனும் இல்லை. நம் தண்டனைச் சட்டத்தின் 92-வது பிரிவு, சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு நன்மை செய்யப்போய், நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் செய்த காரியத்தில் அவருக்குத் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது என்கிறது. கிரிமினல் பக்கம் அவ்வளவுதான்.

நஷ்டஈடு கேட்டு சிவில் கேஸ் போடுவது வேறு. யார் வேண்டுமானாலும் கேஸ் போடலாம் தங்கச்சி, அது நிற்க வேண்டுமே. வழியில் போகிறவன் நின்று உதவியே ஆக வேண்டும் என்று நம் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கை வைத்துவிட்டால் நியாயமான கவனம் வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. அந்தப் பதற்றத்தில், அந்த இடத்தில், டாக்டர் படிப்புப் படிக்காத ஒருவன் என்ன செய்வான் என்பதை வைத்துத்தான் அதைப் பார்ப்பார்கள். முதுகில் அடி லோரி இடித்ததால் வரவில்லை, தூக்கியதால்தான் வந்தது என்பதையும் அந்தக் குடும்பம் நிரூபிக்க வேண்டும். வீட்டை விற்கிற கணக்கு உங்கள் அண்ணன் எங்கே போட்டாரோ.

மகன் செய்ததில் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். லோரி போகிற ரோட்டில், இருட்டில், கிடந்தவரை ஓரத்துக்கு இழுத்தது சரி. அதற்கு மேல் 999-ஐக் கூப்பிட்டுவிட்டு, அவர்கள் போனில் சொல்வதைக் கேட்டுக் காத்திருந்திருக்கலாம். முதுகில் அடிபட்டவரைத் தனியாளாகத் தூக்கிப் பின் சீட்டில் மடக்கி வைப்பது ஆபத்துதான். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், மூச்சு முட்டினால் தவிர ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது, ரத்தம் வருகிற இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும், தண்ணீர் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் இதற்கு வகுப்பு எடுக்கிறார்கள், அனுப்புங்கள். அவனை மட்டுமில்லை, அண்ணனையும். இன்னொன்று, காடி இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது பயணிகளுக்கான பொறுப்புக் காப்பு (காடியில் ஏறியவர் நஷ்டஈடு கேட்டால் கைகொடுப்பது) அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். சாதாரண பாலிசியில் அது தானாக வராது, தனியாகச் சேர்க்க வேண்டும், நம் ஆட்கள் பாதிப் பேர் விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பாலாய்க்குப் போகாமல் இருக்க வழி கேட்டீர்கள். இல்லை, இருந்தாலும் சொல்லமாட்டேன். விஷயம் தெரிந்தவரை வரச் சொல்ல விசாரணை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-வது பிரிவின் கீழ் சாட்சியாக வாக்குமூலம் எடுப்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், தன்மேலேயே குற்றச்சாட்டு விழக்கூடிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மறுக்கலாம், எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. மலாயில் ஏதாவது வரி புரியவில்லை என்றால் கேட்கட்டும், வெட்கம் வேண்டாம். படம் ஏன் அழிந்தது என்ற கேள்வியும் வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவனில்லை. நீங்களும் கூடப் போய், பயத்தில் நான்தான் அழிக்கச் சொன்னேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவன் அப்பாவின் காடி என்று எழுதினீர்களே, அந்த அப்பா இத்தனைக்கும் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை காணோம். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

லயத்தில் இருந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் எனக்குக் கோபம். லயத்தில் ஒரு வீட்டில் பாம்பு புகுந்தால் பத்து வீட்டு ஆம்பிளைகள் கம்போடு ஓடி வருவார்கள். நடுராத்திரி ஒருத்திக்கு வலி கண்டால் கிராணி வீட்டுக் கதவைத் தட்டி, தோட்டத்து லோரியைக் கிளப்பி, மழையில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு பெண்கள் கூடவே ஏறிப் போவார்கள், வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று ஒருத்தியும் கேட்டதில்லை. அந்தப் புத்தியோடு உங்கள் பிள்ளை தாமானிலும் வளர்ந்திருக்கிறான். அவனுக்கு அதை ஊட்டியது நீங்களாகத்தான் இருக்கும், பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்திருக்காது. ஒரே பிள்ளை என்பதற்காக வேலிக்குள் கட்டி வளர்த்தால், நாளைக்கு நீங்கள் கடைக்குப் போகிற வழியில் விழுந்து கிடக்கும்போது பக்கத்து வீட்டுத் தாயும் தன் ஒரே பிள்ளையை அப்படித்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். அவன் பேசாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் தப்பை ஒத்துக்கொண்டு அவனிடம் பேசுங்கள். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று அண்ணன் கேட்பார். கேட்கட்டும்.

கடைசியாக அந்த வார்டில் படுத்திருக்கிறவர். மில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் அடிபட்டவர், அதனால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில்) வேலைப் பயண விபத்தாக நஷ்டஈடு கேட்க இடமுண்டு. லோரி எது என்று தெரிந்தால் அதன் இன்சூரன்ஸிடமும் கேட்கலாம், தெரியாவிட்டால் எந்தக் கம்பெனியிடம் போய் நிற்பார்கள்? மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாத வீட்டில் அரிசி வாங்குகிற காசு அந்த நம்பர் பிளேட்டில் இருக்கிறது. வாக்குமூலம் முடிந்த பிறகு மகனோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பணம் நீட்டாதீர்கள், ஏதோ தப்பு செய்துவிட்டுச் சமாதானம் பேச வந்த மாதிரி ஆகிவிடும், பழமோ மைலோவோ போதும். ரிப்போர்ட் நம்பரையும் ஐ.ஓ. பெயரையும் ஒரு தாளில் எழுதி அவர் மனைவியிடம் கொடுங்கள். சொக்சோ ஆபீசில் போலீஸ் ரிப்போர்ட் கேட்பார்கள், அந்த அம்மா அதற்காகப் பாலாய்க்கும் வார்டுக்கும் அலைய வேண்டியிருக்காது.