ரிம்வேர்ல்ட்: நிலம் மாற்றும் மோட்கள் பற்றிய கேள்வி பதில்

ரிம்வேர்ல்ட், வேற்றுக்கோளில் ஒரு குடியேற்றத்தை நடத்தும் கணினி விளையாட்டு. மோட் என்பது அதன் இயக்கத்தை மாற்ற ரசிகர்கள் எழுதும் துணைநிரல். குடியேற்றத்தைச் சுற்றியுள்ள நிலத்தை அவ்வப்போது உருமாற்றும் மோட்கள் குறித்து வந்த கேள்விகள் இவை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த மோடைச் சேர்ப்பதற்கு முன்பும் சேமிப்புக் கோப்பை நகலெடுத்து வையுங்கள்.

கே: 15 நாளுக்கு ஒருமுறை நிலம் மாறும்படி வைத்திருக்கிறேன். மக்காச்சோளம் ஒருமுறைகூட அறுவடைக்கு வரவில்லையே?

ப: வராது. மக்காச்சோளம் வளர 11.3 நாள் என்று விளையாட்டு காட்டும். ஆனால் பயிர்கள் இரவில் வளர்வதில்லை. ஒரு நாளில் பாதிக்குச் சற்று அதிகமான நேரமே வளர்கின்றன. ஆகவே நல்ல மண்ணிலேயே 21 நாள் பிடிக்கும். அதற்குள் நிலம் மாறிவிடும். நெல் ஆறு நாளுக்குள் விளையும். மாற்றம் வந்ததும் விதைத்தால் இரண்டு போகம் எடுக்கலாம். வயல் சரளை மண்ணாகிவிட்டால் கணக்கு வேறு. அதன் வளம் 70 சதவீதம்தான். நெல்லின் வேகமும் அதே அளவு குறைய, இரண்டாம் போகம் 15 நாளுக்குள் முடியாது. அங்கே உருளைக்கிழங்கு போடுங்கள். அதற்கு மண்ணின் தரம் அவ்வளவு முக்கியமில்லை. 12 நாளில் கிழங்கு கைக்கு வரும்.

கே: பழைய சேமிப்பில் சேர்க்கலாமா?

ப: நகலெடுத்துவிட்டுச் சேர்க்கலாம். நீக்குவதுதான் ஆபத்து. மோட் புகுத்திய மண்வகைகள் கோப்பில் தங்கிவிடும்; அது போனபின் விளையாட்டால் அவற்றை அடையாளம் காண முடியாது.

கே: மலையைக் குடைந்து வாழ்ந்தால் இந்தத் தொல்லையே இல்லையே?

ப: இதை நான் ஏற்கவே மாட்டேன். கூரைக்குச் சுமார் ஆறு கட்டத் தொலைவுக்குள் சுவரோ தூணோ பாறையோ வேண்டும். மோட் ஒரு பாறை மூலையை எடுத்துவிட்டால் மலைக்கூரை இடிந்து விழும். அடியில் நிற்பவர் அந்த நொடியே இறப்பார், கவசம் காப்பாற்றாது.

கே (அதே நண்பர்): பல பருவங்களாக எனக்கு எதுவும் ஆகவில்லை. சமவெளியில்தான் தாக்குதல் அதிகம்.

ப: உங்கள் மோட் தரையை மட்டும் மாற்றுகிறதா, பாறையையும் தொடுகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். மேலும், குடியேறிகளைத் தாக்கும் ராட்சதப் பூச்சிகளின் கூடுகள் மலைக்கூரையின் கீழ்தான் முளைக்கின்றன. சமவெளியில் எதிரி வருவது கண்ணுக்குத் தெரியும்; படுக்கையறையில் கூடு முளைத்தால் ஆயத்தமாக அவகாசம் ஏது?

கே: குறுக்கிடுகிறேன். தூண்கள் நட்டால் போதாதா?

ப: கூரைக்குப் போதும், பூச்சிகளுக்கு உதவாது. நெருக்கமாக நடுங்கள், உறங்கும் அறைகளில் முதலில்.

கே: சேற்று மண்ணில் கல்சுவர் எழுப்ப முடியவில்லை.

ப: அந்த மண் கல்லின் பாரத்தைத் தாங்காது. ஈரம் உறிஞ்சும் பம்பை வைத்து உலர்த்துங்கள். நாளாகும்.

கே: ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் சேர்க்கலாமா?

ப: மேலே சொல்லிவிட்டேன். நகல் எடுங்கள்.

கே: எந்தக் கணினி வாங்கலாம்?

ப: கணினி விற்பவரைக் கேளுங்கள்.

கே: பாதி ஆட்டத்தில் மோடை நீக்கினேன். சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திகள் கொட்டுகின்றன.

ப: நகல் இருந்தால் அதற்குத் திரும்புங்கள். இல்லையென்றால், இப்போதைய ஆட்டத்தைச் சேமிக்காமல் வெளியேறி, மோடை மீண்டும் சேர்த்துக் கடைசிச் சேமிப்பைத் திறங்கள். அந்தக் குடியேற்றம் முடியும்வரை அதை நீக்காதீர்கள்.