2005-இல் லயன்ஸ் ரக்பி அணி (இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்தது) நியூசிலாந்தில் அந்த நாட்டு அணியிடம் டெஸ்ட் தொடரை 3-0 என்று இழந்தது கேப்டன் ஓட்ரிஸ்கல் காயத்தால்தானா?

இல்லை. அயர்லாந்து ரசிகர்கள் அடிக்க வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதல் டெஸ்டில் நியூசிலாந்தின் உமாகாவும் மெயலாமுவும் அவரைத் தூக்கித் தரையில் போட்டது அநியாயம், இருவருக்கும் தண்டனையே கிடைக்காதது அதைவிட அநியாயம். ஆனால் அந்த டெஸ்ட் நடந்த கிரைஸ்ட்சர்ச்சில் அன்று லயன்ஸை முதலில் கவிழ்த்தது லைன்அவுட். ஓட்ரிஸ்கல் சென்டர் ஆட்டக்காரர், லைன்அவுட் வரிசையில் நிற்கிறவரே இல்லை.

லைன்அவுட் என்பது இதுதான்: பந்து பக்கக்கோட்டைத் தாண்டியதும் இரு அணியும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு வரிசை கட்டும். ஹூக்கர் என்ற ஆட்டக்காரர் பந்தை நடுவில் நேராக எறிவார். குதிக்கிறவரை முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்குவார்கள். பந்து வரிசையின் முன்னாலா, நடுவிலா, கடைசியிலா என்பது சங்கேதச் சொல்லில் போகும். எதிரணி அதைக் கண்டுபிடித்துவிட்டது என்ற சந்தேகத்தில் பயிற்சியாளர் கிளைவ் உட்வர்ட் ஆட்டத்துக்குச் சற்று முன்பு சொற்களை மாற்றினார். புதுச் சொல்லைக் கேட்டு, யோசித்து, கால் கிளம்ப அரை நொடி பிந்தினாலே பந்து விரலுக்கு ஒரு சாண் மேலே போய்விடும். போதாததற்குக் கடுங்குளிரில் மழை. ஈரப் பந்தைக் கடைசி ஆளுக்கு எறியத் துணிவு வராது. முன்னால்தான் வரும் என்று நியூசிலாந்துக்காகக் குதிக்கிற ஆலி வில்லியம்ஸுக்கும் கிறிஸ் ஜாக்குக்கும் தெரியாதா என்ன?

மழை நாளில் பந்தை உதைத்து மூலைக்குத் தள்ளி, அங்கே லைன்அவுட்டை வென்று நெருக்குவதுதான் வழக்கமான வழி. லைன்அவுட் போனால் உதைத்துச் சம்பாதித்த தூரமெல்லாம் எதிரணிக்கு இனாம். முடிவு: லயன்ஸ் 21-3 என்று தோற்றது.

தோல்விக்கு உட்வர்டின் மிதப்பும் ஒரு காரணம். அது எங்கிருந்து வந்தது? 2003 ஜூனில் உட்வர்டின் இங்கிலாந்து வெலிங்டனில் நியூசிலாந்தை 15-13 என்று ஜெயித்தது, அதே ஆண்டு உலகக்கோப்பையும் வாங்கியது. அந்த ஆட்களை வைத்தே மறுபடி முடித்துவிடலாம் என்று நினைத்தார். நடுவில் 2005 சிக்ஸ் நேஷன்ஸில் (ஐரோப்பிய ஆறு நாடுகளின் போட்டி) இங்கிலாந்து 4-ஆம் இடம், வேல்ஸ் எல்லா ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம். அப்படியும் முதல் டெஸ்டின் 15 பேரில் 8 பேர் இங்கிலாந்துக்காரர்கள். ரக்கில், அதாவது தரையில் கிடக்கும் பந்துக்கு மேலே நடக்கும் தள்ளுமுள்ளில், பந்தைப் பறிக்க நியூசிலாந்தின் 24 வயது ரிச்சி மெக்காவுக்கு எதிரே 36 வயது நீல் பேக்! பேக் பெரிய ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்கு முதலில் ஓடிச் சேரும் கால் வேண்டும். வேல்ஸின் சென்டர் ஹென்சனை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஆட்டத்தை வழிநடத்தும் ஃப்ளைஹாஃபான (10-ஆம் எண்) வில்கின்சனை சென்டர் இடமான 12-ஆம் எண்ணில் போட்டார்கள்.

45 பேரைக் கூட்டிப்போய், டெஸ்டுக்கு ஒன்று, வாரநடு ஆட்டங்களுக்கு ஒன்று என்று இரண்டு பயிற்சியாளர் குழு வைத்தது இன்னொரு தவறு. டெஸ்ட் அணி களைக்காது என்பது கணக்கு. வாரநடு ஆட்டங்களைப் பயிற்சியாளர் மெக்கீகனின் குழு ஒன்றுவிடாமல் ஜெயித்தது. டெஸ்ட் ஆட வேண்டியவர்களுக்கோ சேர்ந்து ஆடிப் பழகவே நேரம் போதவில்லை. டெஸ்டுகளுக்கு முன்பு நியூசிலாந்து மாவோரி அணியிடம் 19-13 என்று தோற்றபோதே விழித்திருக்கலாம்.

சம்பந்தமில்லாமல் ஒரு வயிற்றெரிச்சல்: ஹைலைட்ஸ் போடுகிறவர்கள் ஓட்ரிஸ்கல் விழுந்ததை நூறு தடவை ஓட்டுவார்கள், ஒரு லைன்அவுட்டைக்கூட முழுசாகக் காட்டமாட்டார்கள். அப்புறம் இந்தக் கேள்வி வராமல் என்ன செய்யும்?

இரண்டாம் டெஸ்டுக்கு உட்வர்ட் அணியில் பெரும்பாலோரை மாற்றினார். கேரத் தாமஸ் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் போட்ட ட்ரையால் 7-0 என்று முந்தவும் செய்தார்கள். அதன்பின் நியூசிலாந்தின் டேன் கார்ட்டர் மட்டுமே 33 புள்ளி எடுத்தார், லயன்ஸ் 48-18 என்று தோற்றது. மூன்றாவதில் கார்ட்டர் ஆடவே இல்லை, அதிலும் 38-19.