கடல் மேடையும் திட எரிபொருள் ராக்கெட்டும்: உங்கள் கேள்விகளுக்கு

கடலில் நிற்கும் மேடையில் இருந்து ராக்கெட் ஏவுவது பற்றிப் பெங்களூரில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில் என் கைக்கு எட்டியவற்றை எடுத்துக்கொண்டேன். நான் 28 வருடம் திட எரிபொருள் மோட்டார், அதாவது ராக்கெட்டை உந்தும் எரிகலன், வார்த்தவன். அதைத் தாண்டிக் கேட்டால் கையை விரித்துவிடுவேன்.

மத்திகெரே, கல்லூரி மாணவி: கடலில் இருந்து ஏவுவதற்கு ஏன் திட எரிபொருளையே விரும்புகிறார்கள் சார்?

நல்ல கேள்வி அம்மா. திரவ ராக்கெட் என்றால் மேடையில் ஒரு தொழிற்சாலையே வேண்டும். திரவ ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். தொட்டி, குழாய், வால்வு, கடைசி நேரத்தில் நிரப்புவது, ஏவல் தள்ளிப்போனால் வடிப்பது என்று வேலை நீண்டுகொண்டே போகும். திட மோட்டாரில் இந்தத் தொல்லை இல்லை. எரிய ஆக்சிஜன் தரும் உப்பான அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், இரண்டையும் பிடித்து வைக்க ரப்பர் மாதிரியான ஒரு பசை. மூன்றையும் பிசைந்து, நடுவில் நட்சத்திர வடிவத்தில் குடைவு விட்டு வார்த்து, இறுக விடுவோம். ஆலையை விட்டு வரும்போதே அது நிறைந்த வயிறோடுதான் வரும். கப்பலில் ஏற்று, நிமிர்த்து, ஏவு.

இது புதிய யோசனையும் இல்லை. கென்யாவில் மலிந்தி அருகே கடலில் கால் ஊன்றி நின்ற சான் மார்க்கோ மேடையில் இருந்து இத்தாலிக்காரர்கள் 1967 முதல் 1988 வரை அமெரிக்காவின் ஸ்கவுட் ராக்கெட்டை ஏவினார்கள். நான்கு அடுக்கும் திட எரிபொருள். எக்ஸ் கதிர்களை ஆராயவென்றே அனுப்பிய முதல் துணைக்கோள் 1970 டிசம்பர் 12 அன்று அங்கிருந்துதான் போனது. அது கென்யாவின் விடுதலை நாள் என்பதால் 'உஹுரு' என்று பெயர் வைத்தார்கள். சுவாகிலி மொழியில் விடுதலை என்று பொருள்.

சீனா 2019 ஜூன் 5 அன்று மஞ்சள் கடலில் இருந்து லாங் மார்ச் 11 ராக்கெட்டை ஏவியது. 58 டன், முழுக்கத் திட எரிபொருள். புட்டுக்குழலில் இருந்து புட்டைத் தள்ளுவது போல வாயு அழுத்தத்தில் குழாயை விட்டு வெளியே தள்ளி, அந்தரத்தில் வந்த பிறகுதான் பற்றவைக்கிறார்கள். மேடை கருகாது. 2024 ஜனவரியில் சுமார் 400 டன் எடையுள்ள கிராவிட்டி 1 ராக்கெட்டும் அங்கே கடலில் இருந்துதான் கிளம்பியது.

ஒன்றை மறக்க வேண்டாம்: பற்றினால் பற்றியதுதான். தீபாவளிப் பூச்சட்டியைப் பாதியில் நிறுத்த முடியுமா?

கே.ஆர். புரம்: நானும் தம்பியும் மொட்டைமாடியில் சின்னதாக ஒரு திட மோட்டார் செய்ய நினைக்கிறோம். கலவை அளவு?

சொல்ல மாட்டேன்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யில் ஒரு கிலோவுக்கு என்ன ரேட்?

வணிகப் பேச்சு என்னிடம் இல்லை. விண்வெளித் துறையின் வணிக நிறுவனமான நியூஸ்பேஸ் இந்தியாவைக் கேளுங்கள்.

பானஸ்வாடி, ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர்: நிலநடுக்கோட்டுக்குப் போனால் பூமியின் சுழற்சி இலவசமாகக் கிடைக்குமே ஐயா. இந்தியா ஏன் ஒரு மேடையை மிதக்கவிடக் கூடாது?

கணக்கைப் பாருங்கள். நிலநடுக்கோட்டில் சுழற்சி வேகம் நொடிக்கு 465 மீட்டர். ஸ்ரீஹரிகோட்டாவில் 452. வித்தியாசம் 13 மீட்டர்தான். சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 7,600 மீட்டர் போல வேண்டும். இந்த 13 மீட்டருக்காக ஒரு கப்பல் வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதுவும் சிறிய துணைக்கோள்கள் பெரும்பாலும் துருவத்தைச் சுற்றும் பாதைக்குத்தான் போகின்றன. அங்கே பூமியின் சுழற்சி உதவாது, கொஞ்சம் இடைஞ்சல்கூட.

நம் தலைவலி வேறு. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நேர் தெற்கே போனால் இலங்கை. அதன் மேல் போகாமல், இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி. வளைந்து போகிறது, அதில் சுமக்கும் எடை குறைகிறது. 500 கிலோ மட்டுமே தூக்கும் எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்த வளைவு கட்டுபடியாகாது. அதற்குத்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே வெறும் கடல்.

அதே பானஸ்வாடி இன்ஜினியர்: தெற்கே வெறும் கடல் வேண்டுமென்றால் மேடையைக் கன்னியாகுமரிக்குத் தெற்கே நிறுத்தலாமே. நிலம் எடுக்க வேண்டாம், யாரையும் கிளப்ப வேண்டாம்.

நிறுத்தலாம். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்? ஆடுகிற தளத்தில் ராக்கெட்டுக்கு வடக்கு எது, செங்குத்து எது என்று முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மறுபடியும் அவரே: பாதி மூழ்கி நிற்கும் எண்ணெய் துரப்பண மேடையில் நான் வேலை பார்த்திருக்கிறேன். டம்ளரில் தண்ணீர் தளும்பாது. சீ லாஞ்ச் நிறுவனத்தார் அப்படிப்பட்ட மேடையில்தான் ஏவினார்கள்.

ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தை நான் பெரிதுபடுத்திவிட்டேன். சீ லாஞ்ச் 1999 முதல் பசிபிக்கில் ஏவியதே மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் செனித் ராக்கெட்டை. ஆக, கடலுக்குத் திட எரிபொருள் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் என் பயம் வேறு. அவர்கள் எரிபொருள் நிரப்பும்முன் ஆட்களைத் தள்ளி நிற்கும் கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால்தான் 2007 ஜனவரியில் ராக்கெட் மேடையிலேயே வெடித்தபோது உயிர் போகவில்லை. திட மோட்டாரில் அந்த வசதி கிடையாது. துறைமுகம் முதல் கடைசி வரை நிரம்பிய மோட்டார் பக்கத்தில்தான் ஆட்கள் சாப்பிட்டு, தூங்கி, வெல்டிங்கும் பார்க்க வேண்டும். 2003 ஆகஸ்டில் பிரேசிலின் அல்காந்தராவில், ஏவலுக்குச் சில நாள் இருக்கையில் ஒரு திட மோட்டார் தானாகப் பற்றி 21 பேர் இறந்தார்கள். எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள். அது நிலம். கப்பலில் ஓட இடம் எங்கே?

ஜாலஹள்ளி: தீபாவளி வெடியைப் பிரித்து, மாடல் ராக்கெட்டில்...

வேண்டாம். மேலே 21 பேர் என்று எழுதியதைத் திரும்பப் படியுங்கள்.

யெலஹங்கா, குட்டி துணைக்கோள் செய்யும் குழு: திட ராக்கெட் அதிகம் உலுக்குமாமே? குறித்த பாதையில் விடுமா?

உலுக்கும். மின்சுற்றுப் பலகையில் உள்ள கனமான பாகங்களைப் பசை வைத்து இறுக்குங்கள், திருகுகள் தளராமல் பாருங்கள். துல்லியம்தான் பெரிய விஷயம். திட மோட்டாரை வேண்டிய நொடியில் நிறுத்த முடியாது, எரிபொருள் சூடாக இருந்தால் வேகமாகவும் எரியும். அந்தப் பிசகைத் திருத்தத்தான் எஸ்.எஸ்.எல்.வி.யில் மூன்று திட அடுக்குக்கு மேல் ஒரு சிறு திரவ அடுக்கு இருக்கிறது.

2022 ஆகஸ்டில் எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் தோற்றது மோட்டாரால் அல்ல. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது வந்த அதிர்வு சில கணங்கள், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளைக் குழப்பியது. அவை கெட்டுவிட்டதாகக் கணினி முடிவு கட்டி மாற்று வழியில் ஓட்டியது. அதிக உயரம் 356, குறைந்த உயரம் 76 கிலோமீட்டர் என்ற பாதையில் விட்டது. 76 கிலோமீட்டரில் காற்று விடுமா? இழுத்துப் போட்டது. அதைச் சரிசெய்து 2023 பிப்ரவரி 10 அன்று ஜெயித்தார்கள்.

ராமமூர்த்தி நகர்: இதெல்லாம் ஏவுகணைதானே?

சொந்தக்காரர்கள்தான். 1980இல் ரோகிணி துணைக்கோளை ஏற்றிய எஸ்.எல்.வி. 3 ராக்கெட்டின் முதல் அடுக்குதான் 1989இல் அக்னி ஏவுகணையின் முதல் சோதனையில் கீழே இருந்தது.

விவேக் நகர், மற்றும் இன்னும் ஆறு பேர்: இஸ்ரோவில் வேலை வாங்குவது எப்படி?

இஸ்ரோவின் ஆள்சேர்ப்பு விளம்பரத்தைப் பாருங்கள். அடுத்த ஏழாவது ஆளுக்கும் இதே பதில்தான்.

பானஸ்வாடி இன்ஜினியர்: கடைசியாக ஒன்று. கடல் காற்றில் உங்கள் பெர்குளோரேட் ஈரம் இழுக்காதா?

தூளாக இருக்கும்போது இழுக்கும், அதனால் வார்க்கும் கூடத்தில் ஈரப்பதத்தைக் கறாராகப் பார்ப்போம். ரப்பரில் கலந்து, முனையை மூடி வைத்த பிறகு அவ்வளவு பயமில்லை. துருப்பிடிப்பது வெளியே உள்ள இணைப்பு முனைகள். அது உங்கள் துறை, அடுத்த முறை நீங்கள் எழுதுங்கள், நான் கேள்வி அனுப்புகிறேன்.