விழுங்குவதற்கு முன்

வணக்கம் சார்,

எனக்கு 34 வயது. கணினி முன் உட்கார்ந்தே வேலை. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து ஆரோக்கிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன். ஒருவர் வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் தண்ணீர் குடி என்கிறார். இன்னொருவர் சாப்பிடும்போது தண்ணீரைத் தொடாதே என்கிறார். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் கட்டாயமா? எலுமிச்சை பிழிந்த வெந்நீர் கொழுப்பைக் கரைக்குமா? தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலிகூடப் போட்டிருக்கிறேன். காலை முதல் இரவு வரை எளிதாகக் கடைப்பிடிக்க ஓர் அட்டவணை தர முடியுமா? சாப்பாட்டுக்கு நான் அதிக நேரம் எடுப்பதில்லை. மொபைலைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன்.

கே.

அன்புள்ள கே,

அட்டவணை என்னிடம் இல்லை. அந்தப் பரிசோதனைத் தாளை வீடியோக்காரரிடமோ என்னிடமோ காட்டாமல் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். நான் பதில் எழுத உட்கார்ந்ததே உங்கள் கடைசி வரிக்காகத்தான். பத்து நிமிடம் என்பதை என்னவோ கோப்பை வாங்கியதுபோல் எழுதியிருக்கிறீர்கள்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். எலுமிச்சை எந்தக் கொழுப்பையும் கரைக்காது, பிடித்தால் குடியுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். எட்டு டம்ளர் கதையின் வேர் என்று பலரும் காட்டுவது 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் எழுதிய ஒரு வரி: பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். அதில் பெரும்பகுதி உண்ணும் உணவிலேயே இருக்கிறது என்றும் கூடவே எழுதியிருந்தார்கள். முதல் பாதி ஊர் சுற்றியது, பின்பாதியை யாரும் கூட்டிப்போகவில்லை. 2002இல் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரகவியல் அறிஞர் தேடித் துருவிவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு இந்த எட்டு டம்ளர் தேவை என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை என்றார். வயதானால் தாக உணர்வு மங்கும், அவர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டும். 34 வயதில் தாகத்தை எடுத்துச் சொல்ல ஒரு செயலியா?

குளிர்பானம் பற்றி மட்டும் கமுக்கமாக இருக்கிறீர்கள். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தமும் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்கை நீங்களே போடுங்கள்.

சரி, அந்தப் பத்து நிமிடம்.

நானும் உங்கள் கட்சிதான். விடுதியில் படித்த காலத்தில் பிந்தினால் இரண்டாம் முறை கிடைக்காது, அந்த அவசரம் முப்பது வருடம் கையிலேயே இருந்தது. அப்புறம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறியது, விழுங்குவதுதான் போயிற்று. எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் ஆபத்து. நாம் உஷாராவதற்குள் வழுக்கிக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஊட்டும் முறையை ஒரு பெண் வந்து சொல்லிக்கொடுத்தார். நிமிர்ந்து உட்கார வையுங்கள். அரைக் கரண்டி. தொண்டையில் அந்த முடிச்சு மேலே ஏறி இறங்குகிறதா, பாருங்கள். வாயைத் திறக்கச் சொல்லுங்கள், கன்னத்தில் மிச்சம் ஒதுங்கியிருக்கிறதா, பாருங்கள். அதன் பிறகுதான் அடுத்த கரண்டி. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

முதல் நாள் நான் இரண்டாவது கரண்டியை உதட்டருகே நீட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவால் பேச முடியாது. நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். வாயில் இருப்பது இன்னும் போகவில்லை.

ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு நானும் சாப்பிடுவேன். அவர் விழுங்கும்வரை காத்திருந்து எனக்கும் அந்த வேகமே படிந்துவிட்டது. தட்டில் பாதி இருக்கும்போதே போதும் என்று வயிறு சொன்னதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதற்கு முன்பும் சொல்லியிருக்கும். குடலிலிருந்து கிளம்பும் நிறைவுச் செய்தி மூளையை எட்ட இருபது நிமிடம்போல ஆகிறது. நீங்கள் பத்தாவது நிமிடமே கை கழுவிவிடுகிறீர்கள், அல்லது அந்த மீதிப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறீர்கள்.

2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். முதல் வகையில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று, வேகமாகவும் போயிற்று. வேகம் மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. எனக்கு அந்த வேகம்தான் கண்ணில் பட்டது.

இதற்காக ஒவ்வொரு வாயையும் எண்ணி மெல்லாதீர்கள். ஹோரஸ் ஃப்ளெட்சர் என்றொருவர் திட உணவும் வாயில் நீராகும்வரை மெல்ல வேண்டும் என்று உலகுக்கே போதித்தார். 69 வயதில் போய்ச் சேர்ந்தார். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பதற்கு நான் ஜாமீன் நிற்க முடியாது. மொபைலை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்து எழுதுங்கள். செயலியை இன்றே அழித்துவிடுங்கள், அதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் அம்மாவுக்குப் பொடி கலக்காத தண்ணீர் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே ஒரு மடக்கு. தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. இருமல் வருமோ என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வரவில்லை. அம்மா டம்ளருக்காக மறுபடி கையை நீட்டினார்.