பழைய மாரிகளும் வரப்போகும் மாரியும்

அன்புள்ள சேருக்கு,

கடலையும் காற்றையும் ஒன்றாகப் பிணைத்து, கடந்த அறுபது, நூறு வருடக் காலநிலையைக் கணினியில் திரும்பக் கட்டுகிறார்கள், பருவகால முன்னறிவிப்புக்கு அதுதான் அத்திவாரம் என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு அதில் ஒரு கோபம் இருக்கிறது.

பொத்துவிலில் ஆறு ஏக்கர் மானாவாரி வேளாண்மை செய்கிறோம். ஒரு வருசம் 'இந்த மாரிக்கு வழமையை விட அதிக மழை' என்று செய்தியில் சொன்னார்கள். அதை நம்பி, வாப்பாவை வற்புறுத்தி, மழைக்கு முந்தியே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு விதைத்தோம். ஒரு மழை விழுந்தது, நெல் முளைத்தது. பிறகு இருபத்திரண்டு நாள் ஒரு துளி இல்லை. முளை கருகிப் போனது. மறுபடி விதைத்ததைக் கார்த்திகை வெள்ளம் கொண்டு போனது. மூன்று மாத மழையைக் கூட்டிப் பார்த்தால் வழமையை விட அதிகம்தான் என்கிறார்கள்.

என் மூத்தவாப்பா எந்த நாள் முதல் மழை, எந்த நாள் விதைப்பு என்று ஒரு கணக்குக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். வாப்பா அதைத்தான் நம்புகிறார். போன காலத்தைத் திரும்பக் கணக்குப் பார்க்கிற செலவை வரப்போகிற மழையைச் சொல்வதற்குச் செலவழிக்கக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர் (பெயர் போட வேண்டாம்)
பொத்துவில்

பதில்

அன்புள்ள தம்பி,

இரண்டு தரம் விதைத்து இரண்டையும் பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது. அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முதலில் உங்கள் வயலுக்கு வருகிறேன்.

பருவகால முன்னறிவிப்பு சொல்வது மூன்று மாதத்தின் மொத்த மழையை. அதையும் முடிவாகச் சொல்வதில்லை. வழமைக்கு மேல், வழமை, வழமைக்குக் கீழ் என்று மூன்று கூறாக்கி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வீதம் வாய்ப்பு என்றுதான் சொல்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 வீதம். மேற்கூறு 45 வீதம் என்று வந்தால் அது பெரிய செய்திதான். ஆனாலும் மற்ற இரண்டும் சேர்ந்து 55 வீதம் மிச்சம் இருக்கிறது. செய்தியாக வெளிவரும்போது அந்த எண்கள் கழன்று, 'அதிக மழை' மட்டும் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. புழுதி விதைப்புக்காரனுக்கோ மொத்த மழை இரண்டாம் பட்சம். முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் எத்தனை நாள் என்பதுதான் அவனுடைய கேள்வி. அந்த இடைவெளியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, 30 முதல் 60 நாளுக்கு ஒரு தரம் மத்திய கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் மழைமேகத் திரள். அதன் வறண்ட பகுதி நம் தலைக்கு மேல் நிற்கும்போது மாரியிலும் வானம் வெளுத்துக் கிடக்கும். அதை மூன்று, நான்கு வாரத்துக்கு முன்னர் ஓரளவு சொல்லலாம். ஆவணியில் உட்கார்ந்து ஐப்பசிக்குச் சொல்ல முடியாது. உங்களுக்குக் கிடைத்த பதில் நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் அல்ல. இதை எவராவது விதைப்புக்கு முன் உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை என்பது எனக்கும் வேதனை.

இனி, போன காலத்தை ஏன் தோண்டுகிறார்கள் என்பது.

நெல் அளக்கும் மரக்கால் தேய்ந்து போனால் அளவு குறையும். எவ்வளவு குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அளவு தெரிந்த நெல்லை அதே மரக்காலால் பல தரம் அளந்து பார்ப்பீர்கள். காலநிலை மாதிரி, அதாவது கடலையும் காற்றையும் கணக்குப் போட்டு ஓட்டும் கணினி நிரல், எதுவும் தேய்ந்த மரக்கால்தான். ஒன்று கடலைச் சற்றுக் குளிராகக் காட்டும், இன்னொன்று மழையை இந்தியப் பெருங்கடலின் தவறான பக்கத்தில் கொட்டும். இந்தப் பிழையை அறிய ஒரே வழி, முடிந்துபோன வருடங்களில் அதை ஓட்டிப் பார்ப்பது. 2017 இல் ஐரோப்பிய நடுத்தர வீச்சு வானிலை முன்கணிப்பு மையம் தன் ஐந்தாவது பருவகால முறையைத் தொடங்கியபோது, 1981 முதல் 2016 வரை ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலிருந்தும், ஒவ்வொன்றுக்கும் 25 தடவை, மாதிரியை ஓட்டிப் பார்த்தார்கள். இப்போதைய மாதத்துக்கு ஓட்டுவது 51 தடவை. சரி, 1987 ஐப்பசி முதலாம் திகதியிலிருந்து ஓட்ட வேண்டுமென்றால் அன்றைக்குக் கடல் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அங்கேதான் மீள்பகுப்பாய்வு வேண்டியிருக்கிறது. அன்றைய கப்பல்கள், மிதவைகள், வானிலை நிலையங்கள், செய்மதிகள் விட்டுச்சென்ற சிதறிய அளவீடுகளை ஒரு மாதிரிக்குள் ஊட்டி, இடைவெளிகளை இயற்பியல் விதிகளால் நிரப்பி, அந்த நாளின் முழு உலகையும் மீட்டெடுப்பது.

வளிமண்டலத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு மேல் ஞாபகம் இல்லை. மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பது கடல். ஆகவே கடலைப் பிழையாக மீட்டெடுத்தால் அடுத்து வருவதெல்லாம் பிழை.

கடலையும் காற்றையும் ஏன் ஒன்றாகக் கட்ட வேண்டும்? இதற்கு நம் மண்ணோடு ஒட்டிய கதை ஒன்று இருக்கிறது. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவன். அம்மா எங்கள் பிள்ளைக்காலத்தில் வயதுக் கணக்கெல்லாம் 'வெள்ளம் வந்த வருசத்துக்கு முந்தி, பிந்தி' என்றுதான் சொல்லுவா. அது 1957 மார்கழி வெள்ளம். அதே வருடம் ஆடியில்தான் சர்வதேச புவிப்பௌதிக ஆண்டு தொடங்கி, உலகம் முழுவதும் முன்பு இல்லாத அளவுக்கு அளவீடுகள் எடுத்தார்கள். பசிபிக்கில் அந்த வருடம் ஒரு பெரிய எல் நினோ, அதாவது கிழக்குப் பசிபிக் வழமையை விடச் சூடாகும் நிலை. அந்த அளவீடுகளை வைத்துக்கொண்டுதான் கலிபோர்னியாவில் இருந்த யாக்கோப் பியர்க்னஸ் 1960களில் கண்டுபிடித்தார்: கிழக்குப் பசிபிக் சூடாவதும் கீழைக்காற்று தளர்வதும் இரு வேறு சங்கதிகள் அல்ல, ஒன்றையொன்று வளர்க்கும் ஒரே சங்கதி என்று. அவருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே, 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையை நடத்திய கில்பேர்ட் வோக்கர் அதன் பாதியைக் கண்டிருந்தார். பசிபிக்கில் அமுக்கம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டத்தை எண்களிலிருந்து பிடித்தார். ஆனால் அவரிடம் இருந்தது காற்றின் கணக்கு மட்டும். கடல் அதில் இல்லை. பருவமழையை நம்பிச் சொல்லும் அளவுக்கு அவரால் போக முடியவில்லை.

அம்மா கூரையில் ஏறி இருந்த இரவுகளும் அந்தப் பசிபிக் வெப்பமும் ஒரே மாரிக்குள் நடந்தவை என்று முதல் முறை வாசித்தபோது, நான் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

எல் நினோ என்றால் வறட்சி என்று இந்தியத் தொலைக்காட்சியைப் பார்த்து நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களுடைய தென்மேற்குப் பருவத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நம் மாரிக்கு அல்ல. ஐப்பசி முதல் மார்கழி வரை எல் நினோ நமக்கு மழையைக் கூட்டும் பக்கம் சாய்கிறது. தை பிறந்த பிறகு குறைக்கும் பக்கம். பசிபிக் வழமையை விடக் குளிரும் லா நினாவில் இது தலைகீழாகும். 2011 தை மாதம் நெல் முற்றி நின்ற வயல்களை மட்டக்களப்பு, அம்பாறை வெள்ளம் மூழ்கடித்தது, மாசியில் மறுபடி வந்தது. நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அது வலுவான லா நினா ஆண்டு. இதோடு சுமாத்திராப் பக்கம் குளிர்ந்து ஆபிரிக்கப் பக்கம் சூடாகும் இந்தியப் பெருங்கடலின் சொந்த ஊசலாட்டம் வேறு இருக்கிறது. அதை 1999 இல்தான் தனியாக அடையாளம் கண்டு பெயர் வைத்தார்கள்.

முன்பெல்லாம் வளிமண்டலத்தை ஒரு குழு மீள்பகுப்பாய்வு செய்யும். கடல் மேற்பரப்பு வெப்பத்தை அது வெளியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளும். கடலை இன்னொரு குழு செய்யும். அது காற்றை வெளியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளும். குளக்கட்டை இரண்டு அந்தத்திலிருந்தும் இரண்டு பேர் கட்டிக்கொண்டு வந்தது போல. நடுவில் பொருத்து சரியாக அமையாது. தண்ணீர் விட்டவுடன் அந்த இடத்தில்தான் பிய்க்கும். முன்னறிவிப்பு தொடங்கிய முதல் நாட்களிலேயே கடலும் காற்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் உதறிக்கொள்ளும். அந்த உதறலில் கடலுக்குள் இருந்த உண்மையான சேதி கொஞ்சம் அழிந்துபோகிறது.

வங்காள விரிகுடாவுக்கு இது இன்னும் முக்கியம். மாரியில் நம் மட்டக்களப்பு வாவியைப் பாருங்கள். மழைத்தண்ணீர் மேலே நல்லதண்ணீராக நிற்கும், உப்புத்தண்ணீர் அடியில் கிடக்கும், கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும் வரை. விரிகுடாவும் பெரிய அளவில் அப்படித்தான். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவரும் நன்னீர் மேலே ஒரு மெல்லிய போர்வையாகப் பரவி, அடியிலுள்ள குளிர்நீர் ஏறி வராமல் தடுக்கிறது. மேல்நீர் எளிதில் சூடாகும். அந்தச் சூடு மழைமேகத்தைக் கட்டும். மேகம் வெயிலை மறைத்துக் கடலைத் திரும்பக் குளிர்விக்கும். கடலைக் கலக்கிவிட்டுச் சூறாவளி போன தடத்தில் குளிர்நீர் மேலே வந்து கிடக்கும். கடல் வெப்பத்தை வெளியிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளும் கணக்கில் 'கடல் சூடு, ஆகவே மழை' என்ற ஒரு திசை மட்டும்தான் உண்டு. மழை கடலுக்குத் திருப்பிச் சொல்லும் பதில் அங்கே கேட்பதில்லை.

ஒன்றாகக் கட்டுவது இப்படி: கடலும் காற்றும் பிணைந்த மாதிரியைச் சிறிது நேரம் முன்னோக்கி ஓட்டுவது, வந்ததை அந்த நேரத்தின் அளவீடுகளோடு ஒப்பிட்டுத் திருத்துவது, திருத்திய இடத்திலிருந்து மறுபடி ஓட்டுவது. 2010 இல் வெளிவந்த அமெரிக்காவின் மீள்பகுப்பாய்வு 1979 இலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் இப்படிப் போனது. ஐரோப்பிய மையத்தின் இருபதாம் நூற்றாண்டுத் தொகுப்பு 24 மணி நேர அடிகளாக 1901 முதல் 2010 வரை, பத்துப் பிரதிகளாக. அவுஸ்திரேலியர்கள் 1960 இலிருந்து 96 பிரதிகள் செய்தார்கள். பிரதிகள் ஏன் என்றால், அளவீடு குறைந்த காலத்தில் அவை ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும்; எவ்வளவு தெரியாது என்பதை அந்த விலகல் காட்டிக்கொடுக்கும். இவற்றில் பெரும்பாலானவற்றில் திருத்தம் இன்னமும் தனித்தனியாகத்தான் நடக்கிறது: காற்றின் அளவீடு காற்றை, கடலின் அளவீடு கடலை. ஒரு காற்று அளவீடு நேரடியாகக் கடலையும் திருத்தும்படி செய்வது கடினம், ஏனென்றால் ஒன்று மணிக்கணக்கில் மாறுகிறது, மற்றது மாதக்கணக்கில்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கலாகத் தெரிவது வேறொன்று. மாதிரி மாறாவிட்டாலும் அளவீடுகள் மாறிக்கொண்டே வருகின்றன. 1982 இல் மெக்சிக்கோவின் எல் சிச்சோன் எரிமலைத் தூசு செய்மதியின் கண்ணை மறைத்து, சூடான கடலைக் குளிராகக் காட்டியது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று கண்ணெதிரே வளர்ந்தும் பிடிபடவில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே பசிபிக்கின் குறுக்கே சுமார் 70 நங்கூர மிதவைகள் கட்டி 1994 இல் முடித்தார்கள். 2000 வாக்கில் ஆர்கோ மிதவைகள் இறங்கத் தொடங்கின. இன்று ஏறக்குறைய 4000. பத்து நாளுக்கு ஒரு தரம் 2000 மீற்றர் ஆழத்திலிருந்து வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டு மேலே வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் புதிய கருவி ஒன்று நுழையும்போதெல்லாம் மீட்டெடுத்த உலகம் ஒரு படி குதிக்கிறது. அமெரிக்கத் தொகுப்பில் 1998 ஐப்பசியில் புதிய செய்மதி அளவீடு சேர்ந்த இடத்தில் அப்படி ஒரு குதிப்பு. அதிலிருந்து புறப்படும் பருவகால மாதிரியின் பசிபிக் பிழையே அங்கே மாறிப்போய், 1999 க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு வேறொரு சராசரி வைக்க வேண்டி வந்தது. ஆகவே தம்பி, போன காலத்துக்குச் செலவழிப்பது வரப்போகிற காலத்திலிருந்து எடுக்கும் செலவு அல்ல. இந்தக் குதிப்புகளைச் சமன் செய்யாமல் எந்த முன்னறிவிப்பின் 45 வீதத்தையும் நம்ப முடியாது.

நம் பக்கத்துக் குதிப்பு வேறு வகை. என் அப்பா ஒரு குளத்தடியில் வேலை பார்த்தார். காலை எட்டரைக்கு மழைமானியை அளந்து பதிவேட்டில் எழுதுவார், காய்ச்சலிலும் எழுதுவார். 1990 இல் நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது மானியும் இல்லை, பதிவேடும் இல்லை. வடக்கு கிழக்கின் மழைப் பதிவுகளில் போர்க்காலம் முழுவதும் இப்படி ஓட்டைகள். அவருடைய கையெழுத்தில் ஒரு பக்கம்கூட என்னிடம் இல்லை.

அதனால்தான் உங்கள் மூத்தவாப்பாவின் கொப்பியைப் பற்றி வாசித்தபோது கடிதத்தை அங்கேயே நிறுத்தினேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்: மழைமானிக் கணக்கை இந்த மீள்பகுப்பாய்வுகள் பெரும்பாலும் உள்ளே எடுப்பதில்லை, அமுக்கம், காற்று, கடல் வெப்பம், உப்பு போன்றவற்றைத்தான் எடுக்கின்றன. ஆனால் கட்டி முடித்த உலகம் பொத்துவிலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, உள்ளே போகாத சாட்சி வேண்டும். முதல் மழைக்கும் விதைப்புக்கும் இடையே எத்தனை நாள் பொறுத்தார் என்று எழுதிய கொப்பி, மூன்று மாத மொத்தத்தைச் சொல்லும் முன்னறிவிப்பை உங்கள் கேள்விக்குத் திருப்பும் அளவுகோலும் ஆகும். வாப்பா அதை நம்புவதில் பிழையில்லை. கொப்பியையும் முன்னறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

கொப்பியை வெயிலில் காயவைக்காதீர்கள், மை பறந்துவிடும். நிழலில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து நேராகப் படம் எடுங்கள், ஓரத்தில் எழுதியிருப்பதையும் விடாமல். எந்த வருடத்திலிருந்து தொடங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள். 1957 இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் அனுப்புங்கள். அம்மா அந்த மழை எந்த நாளில் தொடங்கியது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தா; நான் ஒரு நாளும் எழுதி வைக்கவில்லை.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து